பீட்டர்ஸ்பர்க் தரையும் இத்தாலியப் பாட்டும்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தியேட்டர் சதுக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு பக்கம் மரீன்ஸ்கி தியேட்டர், எதிர்ப்பக்கம் நகரத்தின் புகழ்பெற்ற இசைக் கல்லூரி. அந்தக் கல்லூரி நிற்கும் மனையில் 19ஆம் நூற்றாண்டில் வேறொரு தியேட்டர் இருந்தது. பல்ஷோய் காமென்னி, அதாவது பெரிய கல் தியேட்டர் என்று பெயர். 1862 நவம்பரில் ஜுசெப்பே வெர்தியின் ‘லா ஃபோர்ட்ஸா தெல் தெஸ்தீனோ’ ஓபரா முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். ‘விதியின் வலிமை’ என்று தமிழில் சொல்லலாம். இத்தாலியரான வெர்தி தன் புதுப் படைப்பை அரங்கேற்ற அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருந்தார். ஆன்டன் ரூபின்ஸ்டைன் அந்த இசைக் கல்லூரியைத் தொடங்கியதும் அதே 1862ல்தான். பிறகு கல் தியேட்டரை இடித்து, அந்த இடத்திலேயே கல்லூரிக்குக் கட்டடம் கட்டினார்கள்.

தெற்கு ரஷ்யாவின் கிராஸ்னதார் நகரில் 1971ல் பிறந்த ஓபரா பாடகி ஆன்னா நெத்ரெப்கோ பாட்டுப் படிக்க வந்தது அந்தக் கட்டடத்துக்கு. படிக்கும்போதே எதிரில் இருந்த மரீன்ஸ்கியில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பத்திரிகைகள் இதை ஏழைப் பெண் ராணியான கதை மாதிரி எழுதித் தள்ளின. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: துடைப்பத்தோடு உள்ளே போனால் ஒத்திகையைப் பார்க்கலாம். 1994ல் அதே மேடையில் மொசார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமணம்’ ஓபராவில் சுசன்னாவாகப் பாடினார். அப்போது அவருக்கு வயது 22.

அடுத்த 30 ஆண்டுகளில் இத்தாலிய ஓபராவின் பெரிய பெண் பாத்திரங்களில் பெரும்பகுதியை அவர் பாடி முடித்துவிட்டார். ஒரு ரஷ்யக் குரல் இத்தாலியப் பாட்டுக்குள் போவது எப்படி நடக்கிறது, அதில் என்ன கஷ்டம், எதை முதலில் பாட வேண்டும், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பதை அறிய இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்கிவிடலாம். ரஷ்யாவுக்கு இத்தாலிய ஓபரா புதிதாக வந்த சரக்கு இல்லை. ரஷ்ய மொழி ஓபராவைவிட அங்கே அதற்குத்தான் வயது அதிகம். 1736ல் ஃபிரான்செஸ்கோ அராயா என்ற இத்தாலியர் பீட்டர்ஸ்பர்க் அரசவையில் தன் ஓபராவை மேடையேற்றினார். ரொஸ்ஸீனியின் ‘செவில் நகர நாவிதர்’ உலகப் புகழ் பெற்றது. அதே கதையை பாயிசியெல்லோ என்பவர் அதற்கு 34 ஆண்டுகள் முன்பே, 1782ல், ராணி கேத்தரினின் பீட்டர்ஸ்பர்க்கில் ஓபராவாக்கிவிட்டார். ரஷ்ய ஓபராவின் தந்தை என்று சொல்லப்படும் கிளிங்கா 1830ல் இத்தாலிக்குப் போய் பெல்லீனி, தொனிசெத்தி என்ற இத்தாலியர்களின் பாட்டுகளில் ஊறித் திரும்பியவர்தான். 1843ல் இருந்து பீட்டர்ஸ்பர்க்கில் நிரந்தர இத்தாலியக் குழு ஒன்றே இருந்தது. சபையில் கூட்டம் அவர்களுக்குத்தான். உள்ளூர் இசையமைப்பாளர்களுக்கு இதில் கோபம் வந்தது, நியாயமான கோபம். வெர்தியின் ஓபரா அரங்கேறிய காலத்தில்தான் பாலகிரேவும் நண்பர்களும் ரஷ்ய இசை ரஷ்ய மண்ணில் இருந்து வர வேண்டும் என்று ஒன்று சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

சோவியத் காலத்தில் நிலைமை மாறியது. வெர்தியும் புச்சீனியும் மேடையில் இருந்து போகவில்லை. ஆனால் அவர்களை ரஷ்ய மொழிபெயர்ப்பில் பாடினார்கள். மக்களுக்குப் புரிய வேண்டும் என்பது காரணம். நல்ல காரணம்தான். ஆனால் இதனால் பல தலைமுறைப் பாடகர்கள் இத்தாலிய ராகங்களை ரஷ்ய வாயால் பாடிப் பழகினார்கள். கலீனா விஷ்னேவ்ஸ்கயா மாதிரி சிலருக்குத்தான் எல்லை தாண்டிப் பாட வாய்த்தது. அவர் 1961ல் நியூயார்க்கில் ‘ஐதா’ பாடினார். 1964ல் மிலானின் லா ஸ்காலாவில் புச்சீனியின் ‘துராந்தோத்’ ஓபராவில் அடிமைப் பெண் லியூவாகப் பாடினார். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு மூல மொழியிலேயே பாடுவது வழக்கமாயிற்று. நெத்ரெப்கோ வளர்ந்தது அந்த மாற்றத்தின் நடுவில்.

சரி, மொழி மாறினால் என்ன ஆகிவிடும், சுரம் அதேதானே என்று கேட்கலாம். பாடகிக்கு மொழி என்பது வாயின் வடிவம். ரஷ்ய மொழியில் அழுத்தம் இல்லாத இடத்தில் வரும் ‘ஒ’ கிட்டத்தட்ட ‘அ’ ஆகிவிடும். ‘நன்று’ என்பதற்கான சொல்லை ‘ஹொரொஷோ’ என்று எழுதி ‘ஹரஷோ’ என்று சொல்வார்கள். இத்தாலிய மொழியில் இது கூடாது. எழுதியிருக்கும் உயிரெழுத்து அப்படியே, கலங்காமல், முழுசாக வர வேண்டும். அதேபோல ‘எ’, ‘இ’ முன்னால் மெய்யெழுத்து வந்தால் ரஷ்ய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ‘இல்லை’ என்பதற்கு அவர்கள் சொல்வது ‘ந்யெத்’. அந்தப் பழக்கத்தோடு இத்தாலிய ‘நெல்’ என்ற சொல்லைத் தொட்டால் ‘ந்யெல்’ என்று வந்து நிற்கும்.

அடுத்தது இரட்டை மெய். இத்தாலியத்தில் ‘பலா’ என்றால் மண்வாரி, ‘பல்லா’ என்றால் பந்து. ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நோன்னோ’ என்றால் தாத்தா. கனிக்கும் கன்னிக்கும், அணிக்கும் அண்ணிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழந்தையிலேயே கற்ற நம் காதுக்கு இது சிரமமே இல்லை. ரஷ்யக் காதுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு அழுத்தமானது இல்லை. பாட்டில் இது இன்னும் முக்கியம்: உயிரெழுத்தில் குரலை நீட்டி ஓடவிட்டு, இரட்டை மெய்யில் ஒரு கணம் நின்று, மறுபடி ஓட வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் சொல்லுக்கு உயிர் வருகிறது.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல், மைக் கிடையாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சுமார் 3,800 பேர் உட்காரலாம். கடைசி வரிசைக்கும் குரல் வெறுமனே போய்ச் சேர வேண்டும். சோப்ரானோ, அதாவது உயர்ந்த பெண்குரல் பாடகி, மேல் ஸ்தாயியில் ஏற ஏற, வாயை அகலத் திறந்து, வாய்க்குள் இருக்கும் அதிர்வை சுரத்தின் உயரத்துக்கு ஒட்ட வைக்கிறார். அந்த உயரத்தில் எல்லா உயிரெழுத்தும் ‘ஆ’ மாதிரியே கேட்கும். உச்ச சுரத்தில் சொல் புரியவில்லை என்றால் பாடகியின் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் நடு ஸ்தாயியில் சொல் புரியாமல் போனால் அது குறைதான்.

எந்தப் பாத்திரத்தை எப்போது பாடுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நம் கச்சேரியில் பாடகி தன் சுருதியைத் தானே வைத்துக்கொள்கிறார். நாலரைக் கட்டையோ அஞ்சு கட்டையோ, தம்புராவை அதற்குச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஓபராவில் இசையமைப்பாளர் எழுதிய சுருதிதான் சுருதி. ஐம்பது அறுபது பேர் கொண்ட இசைக்குழு அதற்குத்தான் வாசிக்கும். பாடகி தனக்கேற்ற பாத்திரத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இத்தாலிய ஓபராவில் இதற்கு ஒரு படிக்கட்டு மாதிரி இருக்கிறது. கீழ்ப்படியில் ரொஸ்ஸீனி, பெல்லீனி, தொனிசெத்தி. ‘பெல்காண்டோ’ என்று சொல்லும் காலம், 19ஆம் நூற்றாண்டின் முன்பாதி. இசைக்குழு மெலிதாக இருக்கும். குரலில் பிருகா வேண்டும், நீண்ட மூச்சு வேண்டும். அடுத்து வெர்தி, இசைக்குழு கனக்கிறது, நடு ஸ்தாயியில் சதை வேண்டும். மேலே 1890களில் தொடங்கும் ‘வெரிஸ்மோ’. ராஜா ராணிகளை விட்டுவிட்டு வாழ்க்கையை அப்படியே காட்ட நினைத்தவர்களின் ஓபரா. அதோடு புச்சீனியையும் சேர்த்துச் சொல்வார்கள். அங்கே பித்தளை வாத்தியங்கள் முழங்கும்போது அதற்கு மேலே ஒரு பெண்குரல் எழும்ப வேண்டும். இளம் வயதில் மேல்படிக்குத் தாவினால் குரல் கிழிந்துவிடும். அப்படிக் கிழிந்தவர்கள் நிறைய.

நெத்ரெப்கோ படியைத் தாண்டவில்லை. 1995ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளிங்காவின் லியுத்மிலா, 2002ல் நியூயார்க்கில் புரோகோபியேவின் ‘போரும் அமைதியும்’ ஓபராவில் நதாஷா என்று ரஷ்யப் பெண்களாகத்தான் அமெரிக்காவுக்குள் நுழைந்தார். அப்புறம் வரிசையாக இத்தாலியப் பெண்கள்: தொனிசெத்தியின் அதீனா, பெல்லீனியின் எல்வீரா, தொனிசெத்தியின் லூசியா. எல்வீராவை அவர் நியூயார்க்கில் பாடிய விதத்தைக் காணொளியில் பார்க்கலாம். காதலன் போய்விட்டான் என்று புத்தி பேதலித்த காட்சியில் மேடை விளிம்பில் மல்லாந்து படுத்து, தலையை இசைக்குழுவின் பள்ளத்துக்குள் தொங்கவிட்டு, அந்த நிலையிலேயே பாடுகிறார். தலை கீழே இருக்கும்போது மூச்சைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்று பாடியவர்களுக்குத் தெரியும்.

இவருடைய பெல்காண்டோவில் குறை சொன்னவர்கள் உண்டு. இரண்டு சுரங்களுக்கு இடையே வேகமாக அசையும் டிரில் துல்லியமாக விழவில்லை, மெய்யெழுத்துகள் மங்குகின்றன என்றார்கள். கேட்டால் அது உண்மை என்று தெரிகிறது. அந்தக் குரல் சிறு மணிகளைக் கோக்கப் பிறந்தது இல்லை. அதன் சொத்து நடு ஸ்தாயியின் இருட்டும் வெல்வெட்டும். அந்தச் சொத்து முழுசாக வெளிப்பட 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பயணத்தை அளக்க நான் மூன்று கடிதங்களைக் கேட்பேன்.

முதல் கடிதம் வெர்தியின் ‘லா திராவியாத்தா’வில். 2005ல் சால்ஸ்பர்க் விழாவில் வில்லி டெக்கர் இயக்கிய மேடையேற்றம்தான் நெத்ரெப்கோவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வெள்ளைச் சுவர் வளைந்து நிற்கிறது, ஒரு பெரிய கடிகாரம், ஒரு சிவப்பு சோபா, சிவப்பு உடையில் நாயகி வியொலேத்தா. அவ்வளவுதான் மேடை. முதல் அங்கத்தின் முடிவில் பிருகாக்கள் பறக்கும் பாட்டைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் நிற்கும் இடம் கடைசி அங்கம். காசநோயில் சாகக் கிடக்கும் வியொலேத்தா, காதலனின் தந்தை எழுதிய கடிதத்தை வாசிக்கிறாள். ‘தெனெஸ்தே லா ப்ரொமெஸ்ஸா’, சொன்ன வாக்கைக் காப்பாற்றினாய் என்று தொடங்கும். அந்தக் கடிதத்துக்கு வெர்தி சுரமே எழுதவில்லை. தாழ்ந்த குரலில், ராகம் இல்லாமல், ஆனால் தாளம் தப்பாமல் வாசிக்கச் சொல்கிறார். முதல் அங்கத்தில் காதலன் பாடிய மெட்டைக் கீழே வயலின்கள் மெல்ல வாசிக்கின்றன. பாட்டு என்ற போர்வை விலகியதும் பாடகியின் இத்தாலியம் அம்மணமாக நிற்கிறது. ‘ப்ரொமெஸ்ஸா’வின் இரட்டை ‘ஸ்’ஸில் நிற்கத் தெரிகிறதா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். கடிதம் முடிந்ததும் ‘எ தார்தி’ என்கிறாள். நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். அதுவும் பேச்சுதான்.

இரண்டாவது கடிதம் ரஷ்யக் கடிதம். சாய்கோவ்ஸ்கியின் ‘யெவ்கேனி ஒனேகின்’ ஓபராவில் தத்யானா என்ற கிராமத்துப் பெண் இரவு முழுக்க விழித்துக் காதல் கடிதம் எழுதுகிறாள். பத்து நிமிடங்களுக்கு மேல் நீளும் காட்சி, முழுக்கப் பாட்டு. ரஷ்ய சோப்ரானோவுக்கு இது பிறப்புரிமை மாதிரி. ஆனால் நெத்ரெப்கோ இதைத் தொட்டது 2013ல், 41 வயதில். அதற்குள் லூசியாவைப் பாடியிருந்தார்; 2011ல் வியன்னாவிலும் பிறகு நியூயார்க்கிலும் தொனிசெத்தியின் ஆன்னா பொலேனாவைப் பாடியிருந்தார். தாய்மொழியின் பாத்திரத்துக்கு இத்தாலியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தத்யானாவில் இத்தாலியப் பயிற்சி கேட்கிறது. சொற்கள் ரஷ்யம், ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நூல் அறுவதே இல்லை.

மூன்றாவது கடிதம் வெர்தியின் ‘மக்பெத்’தில். 2014 ஜூனில் மியூனிக்கிலும் அந்த ஆண்டே நியூயார்க்கிலும் லேடி மக்பெத்தாக வந்தார். சிவப்பு உடைக்காரியை மனதில் வைத்திருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி. லேடி மக்பெத் மேடைக்கு வருவதே கையில் கணவனின் கடிதத்தோடுதான். ‘நெல் தீ தெல்லா வித்தோரியா’, வெற்றி பெற்ற நாளில் என்று வாசிக்கத் தொடங்குகிறாள். இதுவும் சுரம் இல்லாத பேச்சு. ரஷ்ய நாக்கு ஒட்டிக்கொள்ளும் ‘நெ’ முதல் எழுத்திலேயே. ‘வித்தோரியா’வில் இரட்டை ‘த்த’. 2005ல் வாசித்தவள் சாகப்போகிறவள். இங்கே வாசிப்பவள் கொல்லப்போகிறவள். வாசித்து முடித்த மறுகணம் குரல் பாட்டில் எகிறுகிறது.

1848ல் வெர்தி எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. தாதொலீனி என்ற பாடகி லேடி மக்பெத்துக்குப் பொருந்த மாட்டார், அவர் குரல் தேவதையின் குரல்போல அழகாக இருக்கிறது, எனக்கு வேண்டியது கரகரத்த, இருண்ட, பிசாசுத்தனமான குரல் என்று அதில் சொல்கிறார். நெத்ரெப்கோவின் குரல் அவலட்சணமானது இல்லை, அதனால் அவரும் இதற்குத் தகுதி இல்லை என்று வாதம் செய்யலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழகை மறைக்காமல் அதையே ஆயுதமாக்கினார். அப்புறம் தூக்கத்தில் நடக்கும் காட்சியின் கடைசியில் ஓர் உச்ச சுரம் வரும், அதை நூல் போன்ற குரலில் தொட வேண்டும் என்று வெர்தி குறித்திருக்கிறார். பெல்காண்டோவில் கழித்த ஆண்டுகள் அந்த ஒரு சுரத்துக்குப் பயன்படுகின்றன.

2014லேயே இன்னொரு திருப்பம். ரோமில் ரிக்கார்தோ மூத்தி இசைக்குழுவை நடத்த, புச்சீனியின் ‘மனோன் லெஸ்கோ’வைப் பாடினார். மூத்தி சொல்லுக்கு உயிர் கொடுக்கச் சொல்லி உயிரை எடுப்பவர் என்று பெயர் வாங்கியவர். அந்த ஒத்திகையில் உடன் பாட வந்த அஜர்பைஜான் டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல் பாடகர், யூசிஃப் எய்வாசொவைத்தான் அடுத்த ஆண்டு மணந்தார்.

2016ல் வந்த ‘வெரிஸ்மோ’ ஆல்பத்தில் அந்தப் பாடம் தெரிகிறது. ரோமின் சாந்தா செசீலியா இசைக்குழு, நடத்தியவர் ஆன்டோனியோ பப்பானோ. இதில் ‘துராந்தோத்’தின் இரண்டு பெண்களையும் ஒரே குரல் பாடுகிறது. அடிமைப் பெண் லியூவின் கெஞ்சல், பனிக்கட்டி மனசு இளவரசியின் கர்ஜனை. 1964ல் லா ஸ்காலாவில் விஷ்னேவ்ஸ்கயா லியூ என்றால், இளவரசியாகப் பாடியவர் பிர்கித் நில்ஸன். பொதுவாக இந்த இரண்டுக்கும் வேறு வேறு குரல்தான் வேண்டும். நெத்ரெப்கோவின் லியூ கடைசி சுரத்தை மெல்ல எடுத்து மலரவிடும் இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது. இளவரசியில் சில இடங்களில் குரல் இறுகுகிறது, உயிரெழுத்துகள் எல்லாம் ‘ஓ’ பக்கம் சாய்கின்றன. 2020ல் மியூனிக்கில் முழு துராந்தோத்தாகவே மேடையேறினார்.

இசையோடு நிறுத்திக்கொள்ள முடியாத ஒன்றும் இருக்கிறது. 2012ல் புதினின் தேர்தலுக்கு ஆதரவு தந்தவர்களில் நெத்ரெப்கோ ஒருவர். 2014ல் கிழக்கு உக்ரைனின் தோனெத்ஸ்க் ஓபராவுக்கு 10 லட்சம் ரூபிள் கொடுத்தபோது, பிரிவினைவாதிகளின் கொடியோடு படத்தில் நின்றார். 2022ல் ரஷ்யா உக்ரைன் மீது முழுப் போர் தொடுத்ததும், புதினைக் கைவிடச் சொன்னது மெட்ரோபாலிட்டன் ஓபரா. அவர் மறுத்தார், வாய்ப்பு போயிற்று. மார்ச் இறுதியில் போரைக் கண்டிக்கிறேன் என்று அறிக்கை விட்டார். உடனே ரஷ்யாவின் நொவொசிபிர்ஸ்க் தியேட்டர் அவர் கச்சேரியை ரத்து செய்தது. அந்தக் கொடியோடு நின்றது பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன். குரல் நன்றாக இருப்பதால் அது சரியாகிவிடாது. அவருடைய பாட்டைக் கேட்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும்.

ஐரோப்பா அவரை மெல்ல மறுபடி அழைத்துக்கொண்டது, இத்தாலி முதல் வரிசையில். மிலானில் டிசம்பர் 7, நகரின் காவல் புனிதர் அம்புரோஸின் நாள். லா ஸ்காலாவின் புதுப் பருவம் அன்றுதான் தொடங்கும். 2015ல் வெர்தியின் ‘ஜொவான்னா தார்கோ’, 2017ல் ஜொர்தானோவின் ‘ஆந்திரெயா ஷெனியே’, 2019ல் ‘தோஸ்கா’, 2021ல் ‘மக்பெத்’, 2023ல் ‘தொன் கார்லோ’ என்று அந்த மாலையில் அவர் வந்துகொண்டே இருந்தார். மேல்மாடத்தில் நின்று கேட்கும் ரசிகர்கள் இத்தாலியர்களையே கூச்சலிட்டு விரட்டியவர்கள் என்பதை நினைவில் வைத்தால் இதன் கனம் புரியும்.

2024 டிசம்பர் 7ல் அங்கே பாடியது ‘லா ஃபோர்ட்ஸா தெல் தெஸ்தீனோ’. பீட்டர்ஸ்பர்க்கின் கல் தியேட்டரில் பிறந்த அதே ஓபரா. 1869ல் வெர்தி அதன் முடிவைத் திருத்தி லா ஸ்காலாவுக்குக் கொண்டுவந்தார். இன்று எங்கும் பாடுவது பெரும்பாலும் அந்தத் திருத்திய வடிவத்தைத்தான். நெத்ரெப்கோ 2019ல் லண்டனில் முதலில் பாடியதும் அதுதான். மிலானில் அன்று வெளியே சிலர் எதிர்ப்புக் காட்டினார்கள், உள்ளே கைதட்டலுக்கு நடுவே சில கூச்சல்களும் எழுந்தன.

கடைசி அங்கத்தில் நாயகி லெயொனோரா குகையில் தனியாக வாழ்கிறாள். வெளியே வந்து ‘பாச்சே’ என்கிறாள். அமைதி என்று அர்த்தம். அந்தச் சொல்லின் முதல் எழுத்தை வெர்தி நீண்ட சுரமாக எழுதியிருக்கிறார். மெல்லத் தொடங்கி, விரிந்து, மறுபடி மெலிய வேண்டும், மூச்சு தெரியக்கூடாது. ‘பா’ கலங்காத ‘பா’வாக இருக்க வேண்டும். நெத்ரெப்கோ அதை இருட்டில் இருந்து எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார். பாட்டு நெடுக அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு யாரோ வரும் சத்தம் கேட்கிறது. அமைதியைக் கேட்டு நின்றவள் ‘மலெதித்ஸியோனே’, சாபம் என்று மறுபடி மறுபடி வீசிவிட்டுக் குகைக்குள் ஓடிவிடுகிறாள்.